எல்டிஎச்ஏ குறைந்தால் நிற்பது நகர்வா, பெருக்கமா? பிரித்துப் பார்க்க வழி சொல்லுங்கள்

செல் கல்ச்சர் கைவந்தவர்கள் உதவ வேண்டும். யு87 கிளியோபிளாஸ்டோமா (மூளைப் புற்று) செல்களில், மரபணுவை அடக்கும் எஸ்ஐ-ஆர்என்ஏ மூலம் எல்டிஎச்ஏ (லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-ஏ) நொதியைக் குறைத்திருக்கிறோம். புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் அதன் பட்டை நன்றாக மங்கிவிட்டது. 72 மணி நேரத்தில் பெருக்கம் குறைவதில் வியப்பில்லை: பைருவேட்டை லாக்டேட்டாக்கி என்ஏடி துணைநொதியை மீட்கும் வழி அடைபட்டால் கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸை உடைக்கும் பாதை) தளரும்.

சிக்கல் பரவலில்தான். செல் படலத்தில் கீறிவிட்டு அது மூடுகிறதா என்று பார்க்கும் கீறல் சோதனையில் இடைவெளி மூடவில்லை. செல் நகராததாலா, எண்ணிக்கையே குறைந்ததாலா? பெருக்கத்தை நிறுத்த மைட்டோமைசின்-சி (மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், 2 மணி நேரம்) கொடுத்தால், நொதி குறைந்த செல்கள் கீறல் விளிம்பிலேயே உருண்டு கழன்றுவிடுகின்றன. கண்ட்ரோல் செல்கள் அசையாமல் ஒட்டியிருக்கின்றன.

அளவைப் பாதியாக்கலாமா, அல்லது மைட்டோமைசினை விட்டுவிட்டு 1% சீரத்தில் 12 மணியிலேயே படம் எடுத்து முடிப்பதா? செல்கள் ஊடுருவுவதை அளக்க, மேட்ரிஜெல் (புரதக் கூழ்) பூசிய 8 மைக்ரான் துளை டிரான்ஸ்வெல்லும் கைவசம் உண்டு. மீடியத்திலுள்ள 1 மில்லிமோலார் பைருவேட், மிச்சமிருக்கும் உறவு நொதியான எல்டிஎச்பி-க்குத் தீனியாகி விளைவை மறைக்குமா?

எல்டிஎச் தடுப்பானான ஆக்ஸமேட்டைப் பரிந்துரைக்க வேண்டாம். பல மில்லிமோலார் ஊற்றிய பிறகு எதைத் தடுக்கிறோம் என்றே சொல்ல முடியாது.