சிக்னலில் நியூட்ரல் போட்டால் கியர்பெட்டி பத்து ஆண்டு கெடாதா? (போலோ ஜிடி டிஎஸ்ஐ)

பட்டறைவாசி:
பழைய கார் வாங்குவது பற்றிய இழையில் வளைவுப்பிரியன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கித் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுங்கள். சிக்னலில் நியூட்ரல் போடும் பழக்கம் இருந்தால் கியர்பெட்டி பத்து ஆண்டு கெடாது." இதை நம்பி இரண்டு பேர் பழைய ஜிடி தேடக் கிளம்பிவிட்டார்கள். அதனால்தான் இந்தத் தனி இழை.

வோக்ஸ்வாகனின் இந்தக் காரைக் குறைத்துப் பேச வரவில்லை. 2013 ஏப்ரலில் வந்தபோது 1.2 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ எஞ்சின், 105 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), எல்லாம் சேர்ந்து எட்டு லட்ச ரூபாய்க்குள். அந்த விலையில் அப்படிப் பாய்ந்த இன்னொரு ஆட்டோமேட்டிக் அப்போது இந்தியாவில் இல்லை. ஆனால் அதில் இருப்பது டிகியூ200 என்ற உலர் கிளட்ச் பெட்டி. 1, 3, 5, 7 கியர்களுக்கு ஒரு கிளட்ச் தட்டு. 2, 4, 6, ரிவர்ஸுக்கு இன்னொன்று. எண்ணெய்யில் நனைந்து குளிரும் வசதி இரண்டுக்குமே கிடையாது. மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் வரை மாலை நேரத்தில் ஊர்ந்துபோனால் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே தட்டுகள் ஓயாமல் உரசிச் சூடேறும். தேய்வது ஊரும்போது. நிற்கும்போது அல்ல. நின்ற இடத்தில் நியூட்ரல் போட்டு எதைக் காப்பாற்றுகிறீர்கள்?

வளைவுப்பிரியன்:
டயர் இழையில் என்னிடம் பதில் இல்லாமல் விலகிப் போனவர், இங்கே வந்து கணக்குத் தீர்க்கிறார். தீர்க்கட்டும்.

நான் கோவையில் இந்தக் காரைப் பல ஆண்டுகளாகத் தினமும் ஓட்டுகிறேன். அவிநாசி சாலையில் வேலைக்கு, விடுமுறையில் வால்பாறைக்கு. ஆழியாரிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இந்த எஞ்சின் இழுக்கும் இழுப்பை ஒருமுறை அறிந்தவன் வேறு சிறிய காரைத் திரும்பிப் பார்க்க மாட்டான். ஓடோமீட்டர் லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிளட்ச், தொழிற்சாலையில் பூட்டியது. கிளட்சையும் கியரையும் இயக்கும் மின்-எண்ணெய் அமைப்பான மெக்கட்ரானிக், தொழிற்சாலையில் பூட்டியது. காரணம் ஒன்றுதான்: நின்றால் நியூட்ரல். வாங்கிய நாள் முதல் அப்படித்தான். உங்களிடம் இந்தக் கார் இருக்கிறதா? இல்லை. பிறகு எதற்கு இந்தப் பாடம்?

நாலாவதுகியர்:
என் ஸ்விஃப்டில் இந்தக் கவலையே இல்லை. கிளட்ச் தேய்ந்தால் தெருமுனை மெக்கானிக் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிடுவார். மெக்கட்ரானிக் என்ற பெயரே அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

பட்டறைவாசி:
என்னிடம் அந்தக் கார் இல்லை. உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டிகளை இறக்கி ஏற்றும் பட்டறை இருக்கிறது. எந்தெந்தக் கம்பெனிக் கார்கள் என்று இங்கே பட்டியல் போட மாட்டேன். வாடிக்கையாளர் விஷயம் அது.

கேள்வி அப்படியே நிற்கிறது. டிகியூ200-இன் இரண்டு கிளட்ச்களும் இயல்பில் பிரிந்து இருப்பவை. மேனுவல் காரில் மிதித்தால் பிரியும். இதில் மெக்கட்ரானிக் எண்ணெய் அழுத்தம் கொடுத்து நெம்புகோலைத் தள்ளினால்தான் ஒட்டும். டிரைவ் நிலையில் பிரேக்கை நன்றாக மிதித்து நிற்கும்போது அந்த அழுத்தம் விலகியிருக்கிறது. நியூட்ரலிலும் விலகியிருக்கிறது. இரண்டு நிலையிலும் தட்டு பிரிந்தே இருக்கிறது என்றால் நியூட்ரல் மிச்சப்படுத்தியது என்ன? ஒரு வரியில் பதில் போதும்.

வளைவுப்பிரியன்:
ஒரு வரியில்: மனிதக் கால் இரும்பல்ல.

நீண்ட சிக்னலில் கால் களைத்துப் பிரேக் கொஞ்சம் தளரும். தளர்ந்த உடனே கார் முன்னே நகரப் பார்க்கும், தட்டு உரசத் தொடங்கும். முன்னால் வண்டி நிற்கிறதே என்று மறுபடி மிதிப்போம். நியூட்ரலில் இருந்தால் இந்த உரசலுக்கு வழியே இல்லை. இதை உங்கள் பட்டறையில் உட்கார்ந்து அறிய முடியாது, ஓட்டினால்தான் தெரியும்.

பட்டறைவாசி:
அது காலின் குறை. அரைகுறையாக மிதிப்பவர்களுக்கு முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள், ஹேண்ட்பிரேக் போடச் சொல்லுங்கள். நியூட்ரல் கியர்பெட்டிக்குப் பத்து ஆண்டு ஆயுள் தரும் என்று எழுதியது வேறு பேச்சு.

கோவையில் உங்கள் கார் நன்றாக இருப்பதற்குக் காரணம் கோவை. அங்கே நீங்கள் ஊர்வதில்லை, ஓடுகிறீர்கள். அவ்வளவுதான்.

வளைவுப்பிரியன்:
கோவையில் நெரிசல் இல்லை என்று சொல்பவர் காந்திபுரத்தை எந்த ஆண்டில் பார்த்தார்? மாலையில் உக்கடம் பக்கம் வந்து நின்றுவிட்டுப் பேசுங்கள். சென்னைக்காரர்களுக்கு நெரிசல்கூடத் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்ற நினைப்பு.

கணக்குப்பிள்ளை:
இருவரும் ஒரு விஷயத்தை முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது. நம்பகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? வழியில் நிற்காமல் ஓடுவதையா, பத்து ஆண்டுப் பழுதுச் செலவு குறைவாக இருப்பதையா, உதிரிபாகம் தாமதமின்றிக் கிடைப்பதையா? மூன்றும் வேறு வேறு. தினசரி என்றால் நாளுக்கு எவ்வளவு தூரம்?

வளைவுப்பிரியன்:
கணக்குப்பிள்ளை, தேர்வுத்தாள் தயாரிக்க இது இடம் அல்ல. நியூட்ரல் போட்டால் கிளட்ச் காக்கப்படும் என்று சொன்னேன். அவர் மறுக்கிறார். அதுதான் விவாதம்.

பட்டறைவாசி:
இதில் மட்டும் அவர் சொல்வது சரி. வரையறை பிறகு. முதலில் நியூட்ரல்.

பினாங்குப்பயணி:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் போலோ 1.2 டிஎஸ்ஐ இதே ஏழு கியர் பெட்டியோடு வந்தது. இங்கும் நியூட்ரல் பேச்சு ஓயாது. ஆனால் பெட்டியின் வரலாற்றை இருவருமே விட்டுவிட்டீர்கள். 2013 மார்ச்சில் சீனாவில் 3,84,181 கார்கள் டிஎஸ்ஜி குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களில் கியர்பெட்டியின் செயற்கை எண்ணெய்யை வடித்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அந்தச் செயற்கை எண்ணெய்யால் மின்சுற்றில் கோளாறு வரலாம் என்பதுதான் காரணம். இதில் ஓட்டுநரின் காலுக்கோ நியூட்ரலுக்கோ என்ன பங்கு?

பட்டறைவாசி:
இதைத்தான் சொல்கிறேன். நன்றி, பினாங்கு நண்பரே. சென்னையும் வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர். மெக்கட்ரானிக் கெட்டால் கிளட்ச் தட்டு புதிதாக இருந்தும் பயனில்லை, கார் நகராது. அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் உருளைக்குப் பக்கத்தில் வார்ப்பில் விரிசல் விழுவது இந்தப் பெட்டியில் உலகறிந்த குறை. எண்ணெய் கசியும், அழுத்தம் இறங்கும், கியர் விழாது. நியூட்ரல் போட்டால் அலுமினியம் விரிசல் விடாது என்று எந்தப் பொறியாளர் எழுதியிருக்கிறார்? பழுது பார்க்கத் தெரியாத இடத்தில் மாட்டினால் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். செலவு லட்சத்தைத் தாண்டும். பழைய ஜிடியை நான்கு லட்சத்துக்கு வாங்கும் இளைஞரிடம் இதைச் சொல்லாமல் "நியூட்ரல் போடு, போதும்" என்று சொல்வது எனக்கு ஆறவே இல்லை.

வளைவுப்பிரியன்:
எண்ணெய் மாற்றியது 2013-இல். அதன் பிறகு வந்த கார்களைப் பற்றிப் பேசுங்கள். இந்தப் பெட்டி அவ்வளவு கேடுகெட்டது என்றால் 2022-இல் வந்த வோக்ஸ்வாகன் வெர்டஸ் 1.5 டிஎஸ்ஐ-யில் அதையே ஏன் பூட்டினார்கள்? டைகுனிலும் அதுதான். ஸ்கோடா ஸ்லாவியாவிலும் அதுதான். பதில் சொல்லுங்கள்.

பட்டறைவாசி:
2020-இல் போலோ ஜிடிக்கு 1.0 டிஎஸ்ஐ வந்தபோது டிஎஸ்ஜியை எடுத்துவிட்டு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டரை (கிளட்ச் தட்டுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) ஏன் பூட்டினார்கள்? மலேசியாவில் பெக்கான் ஆலையில் பூட்டிய போலோ 1.6-க்கும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர்தான். முதலில் இதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

நாலாவதுகியர்:
ஸ்விஃப்ட் வாங்கியிருந்தால் இரண்டு கேள்விக்கும் பதில் தேட வேண்டியதில்லை.

வளைவுப்பிரியன்:
ஸ்விஃப்ட் பற்றிப் பேச ஆசைப்படுகிறவர் 2014 குளோபல் என்கேப் மோதல் சோதனை முடிவைப் படித்துவிட்டு வரட்டும். காற்றுப்பை இல்லாத ஸ்விஃப்டுக்குப் பூஜ்யம். இரண்டு காற்றுப்பை வைத்த போலோவுக்கு நான்கு நட்சத்திரம். கதவைச் சாத்தும் ஓசையிலேயே வித்தியாசம் கேட்கும்.

நாலாவதுகியர்:
காற்றுப்பை இல்லாத போலோவுக்கும் அதே ஆண்டில் பூஜ்யம்தான் கிடைத்தது. பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறீர்கள். கதவு ஓசையை வைத்துக் கார் வாங்குகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. மதுரையில் என் அண்ணன் வைத்திருக்கும் ஸ்விஃப்டைப் பிள்ளைகள் இருவரும் ஓட்டிப் பழகினார்கள். இன்றும் காலையில் ஒரே சாவித் திருப்பலில் எழுகிறது.

வளைவுப்பிரியன்:
ஜிடியில் காற்றுப்பை எப்போதும் இருந்தது. இந்த இழை ஜிடியைப் பற்றியது, தம்பி.

நாலாவதுகியர்:
தம்பி என்று அழைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? என் வயது உங்களுக்குத் தெரியாது. முதல் மாருதி 800 சாலைக்கு வந்த 1983-இல் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வயதில் மூத்தவரிடம் பேசும் முறையைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

வளைவுப்பிரியன்:
மன்னிக்கவும், ஐயா. ஆனால் வயதுக்கும் கிளட்சுக்கும் தொடர்பு இல்லை.

பட்டறைவாசி:
பேச்சை மாற்ற வேண்டாம். நியூட்ரல்.

தினமும் நெரிசலில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் செய்ய வேண்டியது வேறு. முன்வண்டி ஓரடி நகர்ந்ததும் நீங்களும் ஓரடி நகராதீர்கள். இடைவெளி விடுங்கள். நாலு வண்டி நீளம் சேர்ந்த பிறகு பிரேக்கை முழுதாக விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு, தட்டு சட்டென்று ஒட்டும்படி ஒரே மூச்சில் நகருங்கள். லீவரை மேனுவல் பக்கம் தள்ளி முதல் கியரிலேயே நிறுத்தினால் இரண்டாம் கியருக்கும் முதலுக்கும் மாறி மாறித் தாவுவது நிற்கும். மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்துக் காரைப் பிடித்து நிறுத்தவே கூடாது. கத்திப்பாராவில் இதைத்தான் பாதிப் பேர் செய்கிறார்கள். இவ்வளவு செய்தாலும் நான் பத்து ஆண்டு என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இவற்றில் எதிலாவது நியூட்ரல் வருகிறதா?

வளைவுப்பிரியன்:
இடைவெளி விட்டால் ஆட்டோவும் இரண்டு பைக்கும் அதில் நுழைந்துவிடும். நாலு வண்டி நீளம் விட்டுச் சென்னையில் ஒருவர் ஓட்டிக் காட்டட்டும். நீங்கள் சொன்னது காகிதத்தில் சரி. நான் சொன்னதைக் கையால் செய்ய முடியும், தினமும் செய்கிறேன், பெட்டி நன்றாக இருக்கிறது. சான்று என் வாசலில் நிற்கிறது.

பினாங்குப்பயணி:
ஒரு கார் நன்றாக இருப்பது சான்று ஆகாது, ஐயா.

வளைவுப்பிரியன்:
பட்டறைக்கு வரும் கெட்ட கார்களை மட்டும் பார்ப்பவர் சொல்வது சான்று ஆகுமா? நோயாளிகளை மட்டும் பார்க்கும் மருத்துவர் ஊரே காய்ச்சலில் கிடக்கிறது என்று சொல்வதைப் போன்றது அது.

பட்டறைவாசி:
கெட்டது ஏன் கெட்டது என்று திறந்து பார்த்தவன் நான். நீங்கள் திறந்து பார்த்ததே இல்லை. தட்டில் எவ்வளவு தேய்மானம் மிஞ்சியிருக்கிறது என்று ஸ்கேனர் வைத்தாவது பார்த்ததுண்டா? கிளட்ச் ஒட்டும் புள்ளியைப் பெட்டி மறுபடி கற்றுக்கொள்ளச் செய்யும் வேலையை எப்போதாவது செய்தீர்களா? ஒன்றும் செய்யாமல் ஓடுகிறது, அதனால் நியூட்ரல்தான் காரணம் என்கிறீர்கள்.

வளைவுப்பிரியன்:
ஒன்றும் செய்யாமல் ஓடுகிறது என்பதைத்தான் ஊரில் நம்பகமான கார் என்று சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை:
இப்போதுதான் ஒரு வரையறை வந்திருக்கிறது. இதிலிருந்தே தொடரலாமே?

பட்டறைவாசி:
தேவையில்லை. கேள்விக்குப் பதில் வரட்டும்.

நாலாவதுகியர்:
நீங்கள் நியூட்ரலில் நின்றுகொண்டிருங்கள். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2013 ஜிடி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ரப்பர் குழாய், சீல், எரிபொருள் பம்ப் எல்லாம் என்ன ஆகும்? அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

வளைவுப்பிரியன்:
உங்கள் அண்ணனின் பழைய ஸ்விஃப்ட் மட்டும் எத்தனாலுக்குச் செய்யப்பட்டதா, ஐயா?

நாலாவதுகியர்:
அதில் நேரடி இஞ்செக்ஷன் இல்லை, டர்போ இல்லை. உங்கள் எஞ்சினில் இரண்டும் உண்டு. வால்வில் கரி படிவதும் உண்டு, ஏனென்றால் பெட்ரோல் வால்வைக் கழுவாமல் நேராகச் சிலிண்டருக்குள் போகிறது. மூடி மறைக்காதீர்கள்.

வளைவுப்பிரியன்:
வால்பாறை ஏற்றத்தில் ஓட்டுகிறவனுக்குக் கரி பற்றிக் கவலை இல்லை.

பட்டறைவாசி:
கரியும் எத்தனாலும் தனி இழை கேட்பவை, அங்கே விரிவாக எழுதுகிறேன். இங்கே நான் கேட்டது ஒன்று. தட்டு இரண்டு நிலையிலும் பிரிந்தே இருக்கிறது. நியூட்ரல் எதைக் காப்பாற்றியது? இத்தனை பதிவுகளுக்குப் பிறகும் பதில் இல்லை. அந்த இரண்டு உறுப்பினர்களுக்கும் சொல்கிறேன்: பழைய ஜிடி வாங்குவதாக இருந்தால் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், முதல் கியரில் அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள், கியர்பெட்டி எண்ணெய் ரீகால் வேலை நடந்த தாளைக் கேளுங்கள். முந்தைய உரிமையாளர் சிக்னலில் நியூட்ரல் போட்டாரா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

வளைவுப்பிரியன்:
கால் தளர்ந்தால் தட்டு உரசும், நியூட்ரலில் உரசாது. இதைவிடத் தெளிவாகத் தமிழில் எழுத முடியாது. அந்த இருவரும் வால்பாறைக்கு வரட்டும், சாவியைக் கையில் தருகிறேன்.

பட்டறைவாசி:
வால்பாறை வேண்டாம். திங்கட்கிழமை காலை வேளச்சேரிக்கு அந்தக் காரைக் கொண்டுவாருங்கள். ஸ்கேனரோடு நான் நிற்கிறேன்.

வளைவுப்பிரியன்:
இழையைத் தொடங்கியவர் நீங்கள். கோவைக்கு நீங்கள் வாருங்கள். வரும்போது டயர் இழையில் நான் கேட்டதற்கான பதிலையும் கொண்டுவாருங்கள்.