பழைய பில்லிங் சாஃப்ட்வேரை விண்டோஸ் 11 திறக்க விட மாட்டேங்குது

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. புது லேப்டாப்பில் பில் போடுற சாஃப்ட்வேரை வாட்ஸ்அப்பில் வந்த ஜிப்பிலிருந்து எடுத்துப் போட்டேன், டபுள் கிளிக் பண்ணினால் நீலப் பெட்டி ஒன்று வந்து மறிக்குது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரையே மொத்தமாக அணைத்துவிடவா?

— அணைக்காதீங்கண்ணே! அது ஸ்மார்ட்ஸ்கிரீன். இணையத்திலிருந்து வந்த ஃபைலில் விண்டோஸ் ஓர் அடையாளம் வைக்கும், அதிகம் பேர் ஓட்டாத புரோகிராம் என்றால் சந்தேகப்படும், அவ்வளவுதான். ஜிப்பை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் போங்க, ஜெனரல் டேபின் அடியில் 'அன்பிளாக்' என்று குட்டிக் கட்டம் இருக்கும், டிக் பண்ணி ஓகே கொடுத்து அப்புறம் புதுசாகப் பிரிங்க. முதலில் பிரித்துவிட்டால் அந்த அடையாளம் உள்ளே இருக்கிற ஃபைல்களிலும் ஒட்டிக்கொள்ளும்.

— அதற்கு முன்னாடி வைரஸ்டோட்டலில் (பல ஆன்டிவைரஸ்களை வைத்து ஃபைலைச் சோதிக்கிற இணையதளம்) போட்டுப் பாருங்க சார். வாட்ஸ்அப்பில் வந்ததை நான் நம்பவே மாட்டேன், விற்றவரிடமே நேரடியாகக் கேட்டு வாங்குவது மேல்.

— பெட்டியில் 'மோர் இன்ஃபோ' அழுத்தினால் 'ரன் எனிவே' வருதா? வரவில்லை என்றால் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோலாக இருக்கலாம், நம்பகமில்லாத புரோகிராமைத் திறக்கவே விடாத விண்டோஸ் 11 பாதுகாப்பு அது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலுக்குள் பாருங்க. அதில் ஒரு புரோகிராமுக்கு மட்டும் விலக்கு கொடுக்க முடியாது.

— ரன் எனிவே வருது தம்பி. விற்றவரிடம் புது ஃபைல் கேட்டிருக்கேன், அதுவரை பில் புக்தான்.