காலி செய்த அபார்ட்மென்ட்டிலிருந்து கலெக்‌ஷன். கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறிவிட்டது (டெக்சாஸ்)

பிளேனோவாசி:

வணக்கம். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களில் இந்தத் தொல்லையைப் பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

போன வருஷம் இர்விங்கில் இருந்த அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டு பிளேனோவுக்கு வந்தோம். முறைப்படி நோட்டீஸ் கொடுத்தோம், வாடகை பாக்கி ஒரு சென்ட் கிடையாது. சாவியைக் கொடுத்த அன்றே புது முகவரியை ஈமெயிலில் அனுப்பிவிட்டேன். 500 டாலர் டெபாசிட் திரும்பி வரவில்லை, எதற்குப் பிடித்தார்கள் என்று ஒரு பட்டியலும் வரவில்லை. ஈமெயில் போட்டால் பதிலே இல்லை.

இப்போது வீடு வாங்கலாம் என்று லோனுக்குப் போனால், லோன் ஆபீசர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “உங்கள் பேரில் ஒரு கலெக்‌ஷன் இருக்கிறதே” என்கிறார். பாக்கி என்று வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைத்துவிட்ட கணக்காம். 1,840 டாலர். அதுவரை எனக்கு ஒரு கடிதமோ போனோ வந்ததில்லை. அதற்குப் பிறகுதான் கலெக்‌ஷன் ஏஜென்சியிலிருந்து முதல் கடிதமே வந்தது. கார்பெட் மாற்றியது, பெயின்ட், சுத்தம் செய்தது என்று மூன்று வரி, கீழே மொத்தத் தொகை, அவ்வளவுதான். நாங்கள் நாலு வருஷம் குடியிருந்த வீடு அது. குடிபோகும்போதே கார்பெட் பழசு. காலி செய்த அன்று அறை அறையாக வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

கடிதம் வந்ததிலிருந்து போன் மேல் போன், ஆபீஸ் நம்பருக்கும் கூப்பிடுகிறார்கள். நேற்று பேசியவர், “எச்1பியில்தானே இருக்கிறீர்கள்? இது கோர்ட்டுக்குப் போனால் விசாவுக்குச் சிக்கல், போலீஸும் வரலாம்” என்றார். மனைவி பயந்துபோய், கட்டித் தொலைத்துவிடுவோம் என்கிறாள். இந்த வாரத்துக்குள் கட்டினால் 1,300-க்கு முடித்துத் தருகிறார்களாம். கட்டினால் ரிப்போர்ட்டிலிருந்து போய்விடுமா?

அட்லாண்டா மணி:

போகாது ப்ரோ. என் மச்சானுக்கு இன்டர்நெட் மோடம் திருப்பித் தராத பாக்கி என்று ஒன்று ஏறியது. கட்டினான். பாக்கித் தொகை பூஜ்யம் ஆனது, “கட்டப்பட்ட கலெக்‌ஷன்” என்ற வரி அப்படியே நிற்கிறது. கட்டுவதற்கு முன்னால் இங்கே கேட்டது நல்லது.

கேட்டி அக்கா:

தம்பி, முதலில் அந்த போலீஸ், விசா பேச்சை ஓரமாக வையுங்கள். இந்த நாட்டில் கார்பெட் பாக்கிக்காக யாரையும் கைது செய்ய முடியாது, வசூல்காரரால் உங்கள் விசாவைத் தொடவும் முடியாது. இப்படிப் பயமுறுத்துவதே 1977-ல் வந்த கடன் வசூல் சட்டத்துக்கு விரோதம். அதற்காக நீங்கள் வழக்குப் போட்டு ஜெயித்தால் ஆயிரம் டாலர் வரை உங்களுக்குத் தனியாகக் கிடைக்கும், வக்கீல் செலவும் அவர்கள் தலையில். ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். நேற்று எத்தனை மணிக்குப் பேசினார், என்ன பேர் சொன்னார், என்ன வார்த்தை சொன்னார் என்று இன்றே எழுதி வையுங்கள். உங்கள் மனைவியிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் பயம் இருக்கும்வரை அவர்கள் கை ஓங்கித்தான் இருக்கும்.

நான் ஹூஸ்டன் பக்கம் ஒரு லீசிங் ஆபீசில் சில வருஷம் வேலை பார்த்தவள். இந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காலி செய்த வீட்டுக்குள் மெயின்டனன்ஸ் ஆள் ஒரு ஃபார்மோடு போவார். கார்பெட், பிளைண்ட்ஸ், அடுப்பு, பாத்டப் என்று வரிசையாக இருக்கும், எதிரே டிக் அடித்துக்கொண்டு வருவார். ஆபீசில் ஒரு விலைப் பட்டியல் உண்டு. டிக் இருக்கும் இடத்துக்கு அதிலிருந்து தொகையைப் போட்டால் லெட்ஜர் தயார். கார்பெட் எந்த வருஷம் போட்டது என்று நாங்கள் இருந்த இடத்தில் யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. கலெக்‌ஷனுக்குப் போனது பெரும்பாலும் அந்த லெட்ஜரும் லீஸ் நகலும்தான். போட்டோ, கார்பெட் கடை பில் எல்லாம் கூடப் போகாது. உங்களுக்கு வந்த மூன்று வரியைப் பார்த்தால் அதே சாயல்தான் தெரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், போனில் ஒரு வார்த்தை வாதாட வேண்டாம். எழுத்தில் ஆதாரம் கேளுங்கள்.

கடிதம் கையில் கிடைத்து முப்பது நாளுக்குள், இந்தக் கடனை ஏற்கவில்லை, ஆதாரம் அனுப்புங்கள் என்று நீங்கள் எழுதிவிட்டால், ஆதாரம் அனுப்பும்வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும். முப்பது நாள் தாண்டினாலும் எழுதலாம், ஆனால் இந்தப் பிடி போய்விடும். தபால் ஆபீசில் சர்டிஃபைட் மெயில், ரிட்டர்ன் ரிசீட்டோடு அனுப்புங்கள். அவர்கள் கையெழுத்துப் போட்ட பச்சை அட்டை திரும்பி வரும், அதைப் பத்திரமாக வையுங்கள். என்ன கேட்க வேண்டும் என்றால்: லீஸ் நகல், குடிபோனபோது நீங்கள் நிரப்பித் தந்த இன்வென்டரி ஃபார்ம், காலி செய்த பின் எடுத்த போட்டோ, கார்பெட் எந்தத் தேதியில் போட்டது, மாற்றியதற்கு பில் எங்கே, டெபாசிட் 500 எந்த வரியில் கழிந்தது, பிடித்தப் பட்டியலை எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு அனுப்பினார்கள். அதே கடிதத்திலேயே, ஆபீசுக்குப் போன் செய்யக்கூடாது, இனி எழுத்தில் மட்டும் பேசவும் என்று ஒரு வரி. “என் கடன்”, “முடிந்ததைக் கட்டுகிறேன்” மாதிரி எதுவும் எழுதிவிடாதீர்கள். பேங்க் அக்கவுன்ட் நம்பரை யாருக்கும் சொல்லவே சொல்லாதீர்கள்.

கடைசியில் சொன்ன பட்டியல் தேதிதான் உங்கள் பக்கத்தின் பலம். டெக்சாஸ் சொத்துச் சட்டப்படி, நீங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டால், காலி செய்த முப்பது நாளுக்குள் டெபாசிட் வர வேண்டும். பிடித்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியல் வர வேண்டும். குடியிருந்தால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்கவே கூடாது, நாலு வருஷம் நடந்த கார்பெட்டில் தேய்மானம் இல்லாமல் இருக்குமா? கெட்ட எண்ணத்தோடு பட்டியல் தராமல் விட்டவர், டெபாசிட்டில் பிடிக்கும் உரிமையையும் சேதத்துக்கு வழக்குப் போடும் உரிமையையும் இழக்கிறார். முப்பது நாள் தாண்டினாலே கெட்ட எண்ணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. அநியாயமாகப் பிடித்ததற்கு மூன்று மடங்கும் மேலே 100 டாலரும் கேட்டு நீங்களே ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சின்னத் தொகை வழக்குகளுக்கான உள்ளூர் கோர்ட்) போடலாம். 20,000 டாலர் வரை அங்கே வழக்காடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. ஆகவே இரண்டாவது கடிதம் அபார்ட்மென்ட்டுக்கு. முகவரி அனுப்பிய ஈமெயிலின் நகலை அதோடு இணையுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில், இந்தச் சட்டத்தைச் சுட்டி ஒழுங்காக ஒரு கடிதம் வந்தால் மேனேஜர் அதைத் தன் மேஜையில் வைத்துக்கொள்ள மாட்டார், நேராக மேலிடத்துக்குப் போகும். கலெக்‌ஷனைத் திரும்பப் பெறும் அதிகாரம் அவர்களுக்குத்தான் இருக்கிறது.

இன்னொன்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ரிப்போர்ட்டில் முதலில் ஏறியது, கடிதம் பிறகு வந்தது என்கிறீர்கள். 2021 நவம்பர் 30 முதல் அமலில் இருக்கும் விதிப்படி அது தப்பு. உங்களிடம் பேசியிருக்க வேண்டும், அல்லது கடிதம் அனுப்பி அது திரும்பி வருகிறதா என்று ஒரு பதினாலு நாளாவது பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் பீரோவுக்குத் தகவல் தரலாம். ரிப்போர்ட்டில் ஏறிய தேதியையும் கடிதத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரதி எடுங்கள். கடித உறையையும் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும். அந்த இரண்டு தேதியோடு மத்திய அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி.யின் தளத்தில் ஒரு புகார், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலுக்கு ஒன்று. அதே விதிதான் ஒரு கடனுக்கு ஏழு நாளில் ஏழு தடவைக்கு மேல் போன் செய்வதையும் தொந்தரவு என்று எடுத்துக்கொள்கிறது. காலை எட்டுக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் கூப்பிடவே கூடாது.

இதெல்லாம் ஒரு பக்கம் நடக்கும்போதே பீரோக்களிலும் டிஸ்ப்யூட், அதாவது எழுத்தில் மறுப்பு, போட வேண்டும். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் ரிப்போர்ட்டை எடுங்கள், ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காமில் வாரம் ஒரு தடவை இலவசம். எதில் இருக்கிறதோ அதற்குத் தனித்தனியாகத் தபாலில், ஆதார நகல்களோடு. “இந்தக் கணக்கு என்னுடையது இல்லை” என்று மட்டும் எழுதாதீர்கள், அது பொய்யாகிவிடும். இந்தத் தொகை நான் தரவேண்டியது இல்லை, காரணம் இது என்று உள்ளதை எழுதுங்கள். பொதுவாக முப்பது நாளுக்குள் அவர்கள் விசாரிக்க வேண்டும், சரிபார்க்க முடியாததை நீக்க வேண்டும். பீரோ வழியாக டிஸ்ப்யூட் போட்டால்தான், சரியாக விசாரிக்கவில்லை என்று பின்னால் கலெக்‌ஷன் ஏஜென்சி மேல் வழக்குப் போட முடியும். பலருக்கு இது தெரியாமல் போனிலேயே சண்டை போட்டு ஓய்ந்துவிடுகிறார்கள்.

ஒருவேளை ஏதோ ஒரு தொகை உண்மையிலேயே உங்கள் மேல் நிற்கிறது என்று தெரிந்தால் அப்போது பேரம் பேசலாம். பணம் வந்ததும் மூன்று பீரோவிலிருந்தும் நீக்குகிறோம் என்று அவர்கள் லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்த பிறகு பணம். நீக்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, சிலர் மறுப்பார்கள். ஆனாலும் கேளுங்கள்.

லோன் பேப்பர்:

அக்கா சொன்னதோடு வீட்டு லோன் பக்கம் மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், நான் ஒரு மார்ட்கேஜ் ஆபீசில் பிராசஸிங் பார்க்கிறேன்.

வீட்டு லோனுக்கு இன்னும் பெரும்பாலும் ஃபைகோ என்ற கிரெடிட் ஸ்கோரின் பழைய வகைகளான 2, 4, 5-ஐத்தான் பார்க்கிறார்கள். ஃபைகோ 9 மாதிரிப் புதிய ஸ்கோர்கள் கட்டி முடித்த கலெக்‌ஷனைக் கணக்கில் எடுப்பதில்லை, பழையவை அப்படி இல்லை. ஆகவே இப்போது 1,300 கட்டினால் உங்கள் லோன் ஸ்கோருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அப்புறம், நீங்களே குடியிருக்கப் போகும் தனி வீடு என்றால், லெண்டர்களிடமிருந்து வீட்டு லோன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி பாக்கி நிற்கும் கலெக்‌ஷனைக் கட்டியே ஆகவேண்டும் என்று இல்லை. சில லெண்டர்கள் தங்கள் சொந்த விதியாக அதைக் கேட்பார்கள், உங்கள் லோன் ஆபீசரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியது: டிஸ்ப்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கின் மேல் “டிஸ்ப்யூட்டில் உள்ளது” என்று குறிப்பு நிற்கும். அதோடு லோன் ஃபைல் உள்ளே போனால் லோனை ஆராய்ந்து முடிவு செய்யும் அண்டர்ரைட்டர் நிறுத்தி வைத்துவிடலாம். அதனால் வீட்டுக்குக் கான்ட்ராக்ட் போடும் முன் இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். நீக்கிவிட்டோம் என்று கடிதம் வந்ததும், லெண்டர் வழியாக ரேப்பிட் ரீஸ்கோர் கேட்டால் சில நாளில் புது ஸ்கோர் வந்துவிடும். அதை நாமே நேரடியாகச் செய்ய முடியாது.

பிளேனோவாசி:

அக்கா, லோன் பேப்பர், ரொம்ப நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன், கட்டிவிடலாம் என்ற பேச்சு இப்போது வீட்டில் இல்லை. உறையைத் தேடினேன், இருக்கிறது. ரிப்போர்ட்டில் ஏறிய தேதிக்குப் பிறகுதான் முத்திரை.

இரண்டு சந்தேகம். பையனுக்குக் காய்ச்சல் என்று எமர்ஜென்சிக்குப் போனபோது வந்த 380 டாலர் லேப் பில் ஒன்று இன்ஷூரன்ஸோடு இழுபறியில் இருக்கிறது. அதுவும் இப்படி ஏறிவிடுமா? மெடிக்கல் கடன் எதுவும் இனி ரிப்போர்ட்டில் வராது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அப்புறம், இந்த ஏஜென்சி உண்மையிலேயே வழக்குப் போட்டால்?

கேட்டி அக்கா:

உறை கிடைத்தது நல்ல விஷயம் தம்பி. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தி பாதிதான் சரி. எல்லா மெடிக்கல் கடனையும் ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் ஒரு விதி வந்தது. அது அமலுக்கு வரும் முன்பே ஜூலையில் இங்கே டெக்சாஸிலேயே ஃபெடரல் கோர்ட் ரத்து செய்துவிட்டது. ஆனால் மூன்று பீரோக்களும் தாங்களாகவே முன்னால் செய்த மாற்றம் நிற்கிறது. கட்டிவிட்ட மெடிக்கல் கலெக்‌ஷன் 2022 ஜூலையிலிருந்து ரிப்போர்ட்டில் இருக்காது, கட்டாதது ஒரு வருஷம் ஆகும்வரை ஏறாது. 2023 ஏப்ரலிலிருந்து 500 டாலருக்குக் குறைந்ததையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் 380 ஏறாது. பில் என்னவோ பில்தான். ஐட்டம் வாரியாக பில் கேளுங்கள், எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இன்ஷூரன்ஸ் அனுப்பிய விவரத்தாளோடு (இ.ஓ.பி.) வரிவரியாக ஒத்துப் பாருங்கள்.

வழக்குப் போட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் சும்மா இருந்துவிடாதீர்கள். டெக்சாஸில் இப்படிப்பட்ட கடனுக்கு நாலு வருஷம் வரை வழக்குப் போட அவகாசம் உண்டு. சம்மன் கையில் வந்தால், ஜஸ்டிஸ் கோர்ட் என்றால் பதினாலு நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். இந்தத் தொகையை மறுக்கிறேன் என்று ஒரு வரி எழுதினாலும் பதில்தான். பதில் போகாவிட்டால் அவர்கள் கேட்ட தொகைக்கே தீர்ப்பு ஆகிவிடும், அப்புறம் பேங்க் அக்கவுன்ட்டையே முடக்கலாம். சம்மனில் இருக்கும் கேஸ் நம்பரை அந்தக் கோர்ட் கிளார்க்கிடம் போன் செய்து உண்மைதானா என்று பாருங்கள், போலிச் சம்மனும் வருகிறது.

கடிதம் எழுதி முடித்ததும் பேர், முகவரி, கணக்கு நம்பரை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், அனுப்பும் முன் ஒரு பார்வை பார்த்துத் தருகிறேன்.