'பிளேஸ்' என்ற ஆங்கிலச் சொல்: தீ விபத்தா, பெருந்தீயா, வேறு ஏதாவதா?

கேள்வி: கோண்டாவில் மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். செய்தித் தளம் ஒன்றுக்காக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கி வருகிறேன். சென்ற வாரம் களஞ்சியம் ஒன்று எரிந்த செய்தி வந்தது. அதன் தலைப்பில் 'பிளேஸ்' என்ற சொல் இருந்தது. (இடத்தைக் குறிக்கும் 'பிளேஸ்' அன்று, இறுதி ஒலி வண்டு இரைவதைப்போல அதிர்ந்து வருமே, அந்தச் சொல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) வழக்கம்போல நான் அதைத் 'தீ விபத்து' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் வந்த செய்தியில், அந்தத் தீயை எவராவது வேண்டுமென்றே மூட்டினார்களா என்று பொலிசார் விசாரிப்பதாக இருந்தது. முதல் நாளே விபத்து என்று எழுதிவிட்ட எனக்கு மனம் உறுத்தியது.

அதே வாரத்தில், சிறுவர் கதையொன்றில் ஒரு குதிரையின் முகத்தில் 'பிளேஸ்' இருந்ததாகப் படித்தேன். வேறொரு கட்டுரையில், பெண் விஞ்ஞானி ஒருவர் தமக்குப் பின் வந்தவர்களுக்காகப் பாதையைப் 'பிளேஸ்' செய்தார் என்றிருந்தது. கணினி மொழிபெயர்ப்பு, அந்த அம்மையார் பாதைக்குத் தீ வைத்ததாகவே எழுதித் தந்தது. பள்ளிக்கூடங்களில் மாணவத் தலைவர்கள் அணியும் 'பிளேசர்' என்ற மேற்சட்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இவை எல்லாம் ஒரே சொல்லா, அல்லது ஒலியால் மட்டும் ஒத்துப்போன வெவ்வேறு சொற்களா என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

பிள்ளை, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலில் தீயைப் பற்றிய பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம். குதிரையும் பாதையும் பிறகு வரட்டும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் தீவட்டியையும், ஒளிவிட்டு எரியும் நெருப்பையும் குறித்தது. ரோர்ச் லைட் வருவதற்கு முன்பு எங்கள் பாட்டன்மார் காய்ந்த ஓலையைக் கட்டிக் கொளுத்திக்கொண்டு இரவில் நடந்த சூள் இருக்கிறதே, அதை மனத்தில் வைத்துக்கொண்டால் சொல்லின் உயிர்நாடி பிடிபட்டுவிடும். எரிகிறது என்பது மட்டும் போதாது. சுவாலை மேலெழுந்து, தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கும் ஒளி தெரிய வேண்டும். திருக்கார்த்திகை விளக்கீட்டு நாளில் கோயில் முன்றலில் காவோலை சுற்றிய சொக்கப்பானையைக் கொளுத்தியதும் ஒரு கணத்தில் நெருப்பு உச்சிவரை ஏறி, சுற்றி நிற்பவர்களின் முகமெல்லாம் சிவக்கும் அல்லவா? அந்தக் காட்சிக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்தும். மாறாக, புகையிலைக் குடிலில் பொச்சுமட்டையை மூட்டி, சுவாலை எழவிடாமல் நாட்கணக்கில் புகைக்கவிடுவார்களே, அதற்கு இந்தச் சொல்லைச் சொல்லவே முடியாது. உமிக் குவியலுக்குள் கனிந்துகொண்டிருக்கும் நெருப்புக்கும், நீறு பூத்த நெருப்புக்கும் அப்படித்தான்; அவற்றுக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உள்ளன.

உங்கள் உறுத்தலுக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. இந்தச் சொல் நெருப்பு எப்படி எரிகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, ஏன் எரிகிறது என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அழிவைக்கூட அது கட்டாயமாகக் குறிப்பதில்லை. குளிர்நாட்டு வீட்டுக் கணப்பில் விறகு கொழுந்துவிட்டு எரிய, குடும்பத்தார் அதைச் சுற்றி அமர்ந்து தேநீர் குடிப்பதை வருணிக்கும்போதும் ஆங்கிலேயர் இதே சொல்லைத்தான் எழுதுவார்கள். அங்கே போய் விபத்து என்று எழுதினால் எப்படி இருக்கும்?

இதன் நீட்சியாகவே கொளுத்தும் வெயில், கனல் கக்கும் கண்கள், வாய்ச்சண்டை முற்றிய நிலை ஆகியவற்றுக்கும் இச்சொல் வருகிறது. ஒருவனைப் பன்மையில் 'பிளேசஸ்' இடத்துக்குப் போகச் சொன்னால், நரகத் தீக்குப் போ என்று பொருள். நாங்கள் 'நாசமாய்ப் போக' என்று திட்டுவதற்கு அது ஏறத்தாழ ஈடாகும். பழங்காலத்து மென்மையான வசவு என்பதால் அதற்குமேல் கடுமையான தமிழை அங்கே போட வேண்டாம்.

மறுமொழி 2: திருநெல்வேலி, செய்தி ஆசிரியர் (பலாலி வீதித் திருநெல்வேலி, தமிழ்நாட்டவர்கள் மயங்க வேண்டாம்)

ஆசிரியர் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். செய்தித்தாள் அனுபவத்திலிருந்து இரண்டொரு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளில் இந்தச் சொல் இவ்வளவு புழங்குவதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, இடநெருக்கடிதான். பெருந்தீயைக் குறிக்க ஆங்கிலத்தில் 13 எழுத்தில் இலத்தீன் வழிவந்த ஒரு சொல் உண்டு. இது ஐந்தே எழுத்து. 'பயர்' இன்னும் சிறியதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒருவரை வேலையிலிருந்து நீக்குதல், துப்பாக்கியால் சுடுதல் என்ற பொருள்களும் இருப்பதால், வினையும் பெயரும் கலந்து கிடக்கும் ஆங்கிலத் தலைப்பில் வாசகர் தடுமாறக்கூடும். 'பிளேஸ்' என்று போட்டால் எரிந்தது என்பதில் ஐயம் எழாது. ஆகவே ஆங்கிலத் தலைப்பில் இதைக் கண்டவுடன் 'மாபெரும் தீ' என்று பெருக்கி எழுதிவிட வேண்டாம். ஒரு சமையலறை எரிந்தாலும் அவர்கள் இதைத்தான் எழுதுவார்கள்.

தமிழில் எதை எழுதுவது? எங்கள் நாட்டுப் பத்திரிகைகளில் 'தீப்பரவல்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்துகொண்டிருந்த நாட்களில் இந்தச் சொல்லை அடிக்கடி வாசித்திருப்பீர்கள். காரணத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை என்பதே அதன் சிறப்பு. 'தீ விபத்து' என்பதோ இரண்டே சொல்லில் தீர்ப்பையும் வழங்கிவிடுகிறது. விசாரணை முடிந்து விபத்து என்று உறுதியான பிறகு அதைத் தாராளமாக எழுதலாம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதும் நாங்கள் இந்த வேறுபாட்டில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியவர்கள். 1981 யூன் மாதத் தொடக்கத்தில் எமது பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் அழிந்ததை எவராவது 'நூலகத் தீ விபத்து' என்று எழுதினால் வாசகர்கள் பொறுப்பார்களா? அது எரிந்த நூலகம் அன்று, எரிக்கப்பட்ட நூலகம். ஆங்கிலத்தில் 'பேர்ன்' என்ற ஒரே வினை இரண்டுக்கும் வருவதால், எரிந்தது என்றும் எரித்தார்கள் என்றும் வாக்கிய அமைப்பைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும். தமிழிலோ எரிந்தான், எரித்தான் என்று தன்வினையும் பிறவினையும் ஓர் எழுத்திலேயே பிரிந்துவிடுகின்றன. கையில் இத்தனை கூர்மையான கருவி இருக்கும்போது நாங்கள் ஏன் விபத்து என்ற மழுங்கல் சொல்லைத் தேடிப் போகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: இதே சொல்லோடு முன்னால் ஓர் அகரம் சேர்ந்து 'அபிளேஸ்' என்று வந்து, கூடவே 'வைத்தார்கள்' என்ற பொருள்பட வினையும் இருந்தால், அங்கே செயலைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். அதைத் 'தீ மூட்டினர்', 'தீக்கிரையாக்கினர்' என்றே எழுத வேண்டும். தீப்பரவல் என்று மறைக்கக்கூடாது.

மறுமொழி 3: வேலணை, கால்நடை வளர்ப்பவர்

குதிரையைப் பற்றி நான் சொல்கிறேன். நெற்றியிலிருந்து மூக்குவரை இறங்கும் அகலமான வெள்ளைப் பட்டையைத்தான் அந்தப் பெயரால் சொல்வார்கள். நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் அதற்கு விண்மீன் என்று வேறு பெயர். நாங்கள் மாட்டுக்கு 'சுட்டி' என்போம். நெற்றியில் வெள்ளை உள்ள பசு சுட்டிப் பசு. ஆகவே 'நெற்றிச்சுட்டி நீண்டு இறங்கிய குதிரை' என்று எழுதினால் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கும். நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்கிடையே அப்படி ஒன்றைக் கண்டால் கதையோடு சேர்த்துக் காட்டிக் கொடுக்கலாம்.

சுட்டி என்பதும் சுடுதல் என்பதிலிருந்து வந்ததுதானா என்று ஒரு கேள்வி எனக்கும் உண்டு. அப்படியானால் தமிழிலும் ஆங்கிலத்திலும் நெருப்பே நெற்றிக்கு ஏறியிருக்கிறது.

மறுமொழி 4: வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

வேலணைத் தம்பி, ஆசையாகத்தான் இருக்கிறது; ஆனால் சுட்டியைச் சுட்டுதல், அதாவது குறித்துக் காட்டுதல் என்பதோடு சேர்ப்பதே பொருத்தம். நெருப்பை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

ஆங்கிலத்திலும் குதிரையின் 'பிளேஸ்' நேரடியாக நெருப்பிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. அது 17ஆம் நூற்றாண்டில் எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. அயல்மொழிகளான நோர்ஸ், டச்சு, ஜெர்மன் ஆகியவற்றிலும் விலங்கின் நெற்றி வெள்ளைக்கு இதனோடு ஒத்த சொற்கள் உண்டு. பளிச்சென்று ஒளிர்தல் என்ற அடிக்கருத்தில் இரண்டும் உறவினர் என்று கொள்ளலாம். ஒன்றுக்கு மற்றது பிள்ளை அன்று.

பாதையின் கதை குதிரையிலிருந்து பிறந்தது. காட்டில் வழி தவறாமல் இருக்க மரப்பட்டையைக் கத்தியால் சீவிவிட்டால், உள்ளிருக்கும் வெளிறிய மரம் கருத்த அடிமரத்தில் குதிரை நெற்றி வெள்ளையைப்போலத் தெரியும். வன்னிக் காட்டில் பாலை, முதிரை மரமொன்றில் ஒரு செதுக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வட அமெரிக்காவில் குடியேறியவர்கள் இப்படி மரத்துக்கு மரம் அடையாளமிட்டுச் சென்றதிலிருந்தே, பிறர் போகாத வழியில் முதலில் போனவர் என்ற பொருள் பரவியது. எனவே உங்கள் பெண் விஞ்ஞானி எதையும் கொளுத்தவில்லை. 'வழி சமைத்தவர்', 'முன்னோடி' என்று எழுதுங்கள். 'தடம் பதித்தவர்' என்பதும் தவறில்லை. ஆனாலும், பின்னால் வருபவனுக்காக அடையாளம் விட்டுச் செல்லும் நினைப்பு 'வழி சமைத்தவர்' என்பதில்தான் சிறப்பாக இறங்குகிறது.

மேற்சட்டை நிச்சயமாக நெருப்புக்கே உரியது. கேம்பிரிட்ஜில் சென் ஜோன்ஸ் கல்லூரியின் லேடி மாகிரட் படகுக் கழகத்தார் அணிந்த செக்கச்செவேலென்ற சட்டைகள் கண்ணைப் பறித்ததால் 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் ஏற்பட்டது. அதே பெயருடைய பிரித்தானியக் கடற்படைக் கப்பலின் தலைவர் தம் மாலுமிகளுக்குக் கோடு போட்ட சட்டை தைத்துக் கொடுத்தார் என்ற கதையும் உலவுகிறது. படகுக் கழகத்துக்கு இருக்கும் சான்று அதற்கு இல்லை. இப்போது கருநீலத்தில் தைத்தாலும் பெயர் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு துடுப்பாட்டப் போட்டி பார்த்தவன் என்ற முறையில், பெயர் பொருத்தமானதே என்று சாட்சி சொல்வேன்.

ஒன்றை மட்டும் முற்றாகப் பிரித்து வையுங்கள். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், மாற்கு முதலாம் அதிகாரம் 45ஆம் வசனத்தில், குணமடைந்த குஷ்டரோகி செய்தியை ஊரெங்கும் 'பிளேஸ்' செய்ததாக வருகிறது. எழுத்து ஒன்றே, சொல் வேறு. அது ஊதுதல் என்ற பொருளுள்ள டச்சுச் சொல்லின் வழி வந்தது. எக்காளம் ஊதி அறிவிப்பதை எண்ணிக்கொண்டால் போதும். தமிழ் வேதாகமம் அதைப் பிரசித்தம்பண்ணுதல் என்று சரியாகவே சொல்கிறது. நாங்கள் இன்று பறைசாற்றுதல் என்போம்.

கேள்வி கேட்டவர்: கோண்டாவில் மொழிபெயர்ப்பாளர்

ஐயாமார் அனைவருக்கும் நன்றி. களஞ்சியச் செய்தியின் தலைப்பைக் 'களஞ்சியத்தில் தீப்பரவல். காரணம் குறித்து விசாரணை' என்று மாற்றி அனுப்பியிருக்கிறேன். தலைப்பு நீண்டுவிட்டது என்று பொறுப்பாசிரியர் சொன்னார். 'விபத்து' என்ற சொல்லை மீண்டும் சேர்க்கச் சொல்லவில்லை. குதிரைக்கு 'நெற்றிச்சுட்டி' போட்டாயிற்று. கதையின் கடைசிப் பக்கத்தில் அந்தக் குதிரை எரியும் தொழுவத்திலிருந்து தப்பி ஓடுகிறது. அங்கே கதாசிரியர் நெற்றியையும் நெருப்பையும் ஒரே சொல்லால் இணைத்து விளையாடியிருக்கிறார். அதற்குத் தமிழில் என்ன செய்வது என்று எவருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

மறுமொழி 5: வேலணை, கால்நடை வளர்ப்பவர்

'சுட்ட நெருப்புக்குத் தப்பியது சுட்டிக் குதிரை' என்று எழுதிப் பாருங்கள், தங்கச்சி. உறவில்லை என்று ஆசிரியர் ஐயா சொன்னாலும், ஓசை ஒத்துப்போகிறது.