டேன் 90, ஆர்க்காஸ் 1.0000000000000002: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கடைத்தெரு:
பக்கத்துக் கடைகளைக் காட்டுற ஆப். தூரத்துக்குப் பழைய ஆர்க்காஸ் (காஸ் மதிப்புலேர்ந்து கோணத்தைத் தர்ற ஃபங்ஷன்) ஃபார்முலா, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் குவரிக்குள்ளேயே. ஒரு கடைக்காரர் ஃபோன்ல, "தம்பி, என் கடை வாசல்லதான் நிக்கிறேன். தெருமுனைக் கடை வருது, என் கடையைக் காணோம்"னார். கடையைப் பதிவு பண்ணின அதே மேப் பின்னை வெச்சுத் தேடியிருக்கார். ரெண்டு புள்ளியும் ஒண்ணுன்னா ஆர்க்காஸுக்குள்ள 1 போகணும், ரவுண்டிங்ல 1.0000000000000002 போயிருக்கு. 1-க்கு மேல ஆர்க்காஸே கிடையாது, மைஎஸ்க்யூஎல் அதுக்கு ‘நல்’ (மதிப்பே இல்லைங்கிற குறி) கொடுத்துடும். ‘5 கிலோமீட்டருக்குள்ள’ங்கிற கண்டிஷன்ல அந்த வரிசையே விழுந்துடுச்சு. எல்லாத்தையும் விடக் கிட்ட இருக்கிற கடை! லாக்ல ஒரு எழுத்து இல்ல. இன்னமும் ஆத்திரமா வருது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்னா அங்கேயே எரர் போட்டிருக்கும்.

சாக்பீஸ்:
பிளஸ் ஒன் வகுப்பு. ஜாவாஸ்கிரிப்ட்ல டேன் பை/2 (அதாவது 90 டிகிரி) போட்டேன், திரையில 16331239353195370. "சார், கால்குலேட்டர்ல மேத் எரர் வருதே?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. பை/2-ஐ டபுள்ல (எண்ணை 64 பிட்ல வைக்கிற முறை) முழுசா வைக்க முடியாது, உள்ள இருக்கிறது 90 டிகிரிக்கு ஒரு மயிரிழை கம்மின்னு சொன்னேன். மறுநாள் அவளே சி-யில ஃப்ளோட்ல (32 பிட்) போட்டுக் காட்டினா: மைனஸ் 2 கோடியே 28 லட்சத்துச் சொச்சம்! ஃப்ளோட்ல பை/2 கொஞ்சம் கூடுதலா ரவுண்ட் ஆகுது, அதான் குறி மாறிடுச்சு. அவ முகத்துல இருந்த சந்தோஷத்தை மறக்கவே முடியாது.

ரேடியன்:
கடைத்தெரு, டேட்டாபேஸைத் திட்டி என்ன பிரயோஜனம்? எரர் போட்டிருந்தா அந்த ஒரு கடைக்காக மொத்த லிஸ்டும் போயிருக்கும். கிட்டத்துத் தூரத்துக்கு ஆர்க்காஸே ஆகாது. நானும் ஒரு தடவை பைதான்ல ‘மேத் டொமைன் எரர்’ வாங்கி ராத்திரி ஜாப் பாதியில நின்னிருக்கு, அவ்வளவுதான் என் கதை. ஹாவர்சைனுக்கு (கிட்டத்துத் தூரத்துக்கும் சரியா வர்ற இன்னொரு ஃபார்முலா) மாறுங்க. அதுலயும் பூமிக்கு நேர் மறுபக்கப் புள்ளின்னா 1-லேர்ந்து கழிக்கிற இடத்துல ரூட்டுக்குள்ள மைனஸ் வரலாம், அங்கேயும் 1-க்குக் கட்டுப்படுத்தணும். பைதான்ல கட்டுப்படுத்தும்போது உஷார்: மின்னுக்குள்ள (சின்னதை எடுக்கிற ஃபங்ஷன்) 1-ஐ முதல்ல எழுதி அடுத்து நேன் (‘எண்ணே இல்லை’ங்கிற மதிப்பு) வந்தா, 1-தான் வெளியே வரும். ஆர்க்காஸ் அதை 0 ஆக்கிடும். லொகேஷனே இல்லாத கடை உங்க காலடியில இருக்கிறதா காட்டும்! முதல்ல இஸ்நேன் போட்டு நேனான்னு பாருங்க. ஹாவர்சைன் கணக்கை எக்செல்ல சரிபார்க்கிறவங்க, அங்க ஏடேன்2-வுக்கு (எக்ஸ், ஒய் ரெண்டையும் வெச்சுக் கோணம் தர்ற ஃபங்ஷன்) எக்ஸ்தான் முதல்ல. ரெண்டும் 0-ன்னா சி, ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி 0 தராது, டிவ்/0 எரர்தான்.

கடைத்தெரு:
மொத்த லிஸ்டும் போயிருந்தா அரைமணியில பிடிச்சிருப்போம், ரேடியன். அந்தக் கடைக்காரருக்குப் போன வியாபாரத்தை யார் கொடுப்பா?