கத்தி தீட்ட எதை வாங்கலாம்? கல்லா, இழுக்கிற கருவியா?

அடுப்படிவாசி:
வீட்டில் ரெண்டு ஸ்டீல் கத்தி, அம்மா காலத்து அரிவாள்மனை ஒன்று. தெருவில் சைக்கிளில் வந்து சாணை பிடிப்பவரைப் பார்த்தே ரெண்டு வருஷம் ஆகிறது. அதனால் போன மாதம், பள்ளத்துக்குள் கத்தியை வைத்து இழுக்கிற சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். ஒரு வாரம் நன்றாக வெட்டியது. இப்போது தக்காளித் தோலில் வைத்தால் வழுக்குகிறது, அழுத்தினால் சாறெல்லாம் பலகையில். கல் வாங்கலாம் என்று பார்த்தால் 400, 1000, 3000, 8000 என்று நம்பர் போட்டிருக்கிறார்கள். எது வேண்டும்?

பட்டறைக்காரன்:
அந்தக் கருவி கத்தியின் வாயைச் சுரண்டி எடுக்கிறது, கூர் வந்த மாதிரி இருந்து சீக்கிரம் போய்விடும், இரும்பும் வீணாகத் தேயும். நம்பர் குறைந்தால் கல் சொரசொரப்பு, கூடினால் வழவழப்பு. ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 இருக்கிற தண்ணீர்க் கல் ஒன்று போதும். சமையலுக்கு 8000 தேவையே இல்லை.

கல்லைத் தண்ணீரில் போடுங்கள், குமிழி வருவது நின்றதும் எடுங்கள், பத்து நிமிஷம் ஆகும். அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. கத்தியின் முதுகைக் கொஞ்சம் தூக்கி, சுமார் 20 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். கத்தி நாலரை செ.மீ. அகலம் என்றால் முதுகு கல்லிலிருந்து ஒன்றரை செ.மீ. உயரம். அந்த உயரம் கடைசிவரை மாறக் கூடாது, தீட்டுவதில் பாதி வேலை இதுதான்.

எத்தனை தடவை என்று எண்ணாதீர்கள், பிசிறு வருகிறதா என்று பாருங்கள். முதலில் 400 கல்லில் கத்தியின் ஒரு பக்கம் தீட்டியதும், கத்தியின் மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளினால் ஓரத்தில் சொரசொரவென்று மெல்லிய கம்பி மாதிரி தட்டும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது, அறுத்துவிடும். நுனி முதல் அடி வரை பிசிறு தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. அப்புறம் திருப்பி அதே மாதிரி. பிறகு 1000 பக்கத்திலும் இப்படியே தீட்டி, கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு ஒரு தடவையாக மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு போய்விடும்.

தென்னந்தோப்பு:
அரிவாள்மனைக்கு ஒரு வார்த்தை. வாய் வளைந்திருப்பதால் அதைக் கல்லுக்குக் கொண்டுபோகாமல் சின்னக் கல்லைக் கையில் பிடித்து அதன்மேல் தேயுங்கள். பழைய சரிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். விரல்கள் வாய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், இதில் அவசரமே கூடாது. இரும்பு என்பதால் கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், துரு ஏறாது. கல் வந்து சேரும்வரை பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாத வளையத்தில் கத்தியைத் தேய்த்தால் ஒன்றிரண்டு நாள் ஓடும்.

அடுப்படிவாசி:
கல் வந்துவிட்டது. நேற்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நுனிப்பக்கம் தக்காளி தானாக இறங்குகிறது, அவ்வளவு சந்தோஷம்! ஆனால் கைப்பிடி பக்கம் மட்டும் பிசிறே வரவில்லை.

பட்டறைக்காரன்:
அங்கே கல் வாயைத் தொடவில்லை. வாய் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி நாலு தடவை தீட்டிப் பாருங்கள். ஓரத்தில் மை மிச்சம் இருந்து மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மை அப்படியே முழுசாக இருந்தால் அந்த இடம் கல்லில் படவே இல்லை. இடது கை விரல்களை அதற்கு நேர் மேலே, வாய் ஓரத்தை விட்டுத் தள்ளி வைத்து மெல்ல அழுத்தித் தீட்டுங்கள்.