தாய்மொழி வகுப்புக்குப் போகும் வழியில் நடந்தது: பகடிவதை அனுபவங்கள்

செங்காங் அம்மா:

இங்கே சிங்கப்பூரில் பள்ளியில் பிள்ளையை யாராவது பகடிவதை செய்தபோது, அதாவது சீண்டி, கேலி செய்து துன்புறுத்தியபோது, ஆசிரியரோடு சேர்ந்து என்ன செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எல்லாரும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

மகள் அப்போது தொடக்கநிலை 4, அதாவது நாலாம் வகுப்பு. தமிழ் வேண்டாம், மலாய் எடுக்கிறேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தாள். வீட்டில் தமிழ் பேசுகிற பெண், தமிழில் நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறவள். தலைக்கு எண்ணெய் வைக்காதீங்க என்று வேறு தினமும் ஒரு சண்டை. பாட்டிதான் பின்னல் போடும் சாக்கில் மெதுவாகப் பேச்சுக்கொடுத்து விஷயத்தை வெளியே எடுத்தார். அவள் வகுப்பில் தமிழ் படிப்பவர்கள் மூன்றே பேர். தாய்மொழிப் பாட நேரம் வந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு கட்டடத்துக்குப் போகவேண்டும். போகிற வழியில் படிக்கட்டில் சில பிள்ளைகள் நின்றுகொண்டு மூக்கைப் பிடிப்பது, தலையை ஆட்டிக் காட்டுவது, இந்தியர்களைக் கிண்டல் செய்யும் "அப்புநேநே" என்ற சொல்லால் கூப்பிடுவது, கையில் இருக்கிற கோப்பைத் தட்டிவிட்டு ஓடுவது. தட்டிவிட்டதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனால் வகுப்புக்கு லேட், அதற்கும் இவள்தான் பேச்சு வாங்குகிறாள்.

வகுப்பாசிரியருக்கு எழுதினேன். வகுப்பில் எல்லாரோடும் நன்றாகத்தான் பழகுகிறாள் என்று பதில் வந்தது. தமிழ் டீச்சரைக் கேட்டால், என் வகுப்பில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் லேட்டாக வருகிறாள் என்றார். இரண்டுமே உண்மை, யாரும் மழுப்பவில்லை. ஒருவர் கண்ணிலிருந்து மறைந்து இன்னொருவர் கண்ணில் படுவதற்குள் இருக்கிற ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கிறது, அந்த ஐந்து நிமிடம் யார் பொறுப்பிலும் இல்லை.

அப்புறம் மகளை உட்காரவைத்து, பாட அட்டவணையில் எந்தெந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று குறித்து எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பாசிரியர், தமிழ் டீச்சர், அந்த நிலைக்குப் பொறுப்பான ஆசிரியர் மூவரையும் ஒரே மேசையில் சந்திக்கவேண்டும் என்று கேட்டேன். தனித்தனியாகப் பேசியபோது நகராத விஷயம், அட்டவணையை நடுவில் வைத்ததும் நகர்ந்தது. தமிழ் படிக்கும் பிள்ளைகளை வகுப்பாசிரியர் இரண்டு நிமிடம் முன்னதாகவே அனுப்புவது, தமிழ் டீச்சர் படிக்கட்டு முனையில் நின்று கூட்டிக்கொள்வது, வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு நாலு வரி மின்னஞ்சல் போடுவது என்று முடிவானது. என் பங்குக்கு, மகளிடம் தினமும் "இன்னைக்கு ஏதாவது நடந்துச்சா" என்று குடைவதை நிறுத்தச் சொன்னார்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

படிக்கட்டில் நடந்த சீண்டல் நின்றது. கொஞ்ச நாளில் கழிப்பறைப் பக்கம் ஆரம்பித்தது. உடனே எழுதினேன். ஏற்கெனவே மூன்று பேருக்கும் கதை தெரியும் என்பதால் மறுபடி முதலிலிருந்து விளக்கவேண்டி வரவில்லை, அன்றைக்கே அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு நடந்ததை எழுதி வாங்கினார்கள். பெற்றோர்களையும் வரவழைத்தார்கள். என்ன தண்டனை என்று கேட்டேன், சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வகுப்பாசிரியர் சொன்னார்: "உங்க பொண்ணு விஷயத்தை அவங்க அம்மாகிட்ட சொல்லமாட்டேன். அதே மாதிரிதான் இதுவும்." இன்றைக்கும் எனக்கு இதில் முழுச் சமாதானம் கிடையாது, ஆனால் பதிலில் நியாயம் இருக்கிறது.

ஜூரோங் அப்பா:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சீண்டினது என் பையன்.

துவாஸில் வேலையில் இருக்கும்போது பள்ளியிலிருந்து போன். போய் உட்கார்ந்ததும், உங்கள் பையன் இப்படிப்பட்டவன் என்று ஆரம்பித்திருந்தால் நான் எழுந்து சண்டைதான் போட்டிருப்பேன். அவர்கள் அப்படி ஆரம்பிக்கவில்லை. அவன் கைப்படவே எழுதிய காகிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கொஞ்சம் பருமனான ஒரு பையனைப் பந்து விளையாட்டில் சேர்க்கவிடாமல் தடுத்தது, அவன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நின்று மற்றவர்களைச் சிரிக்கவைத்தது எல்லாம் வரிசையாக இருந்தது. பையன் எழுத்து எனக்குத் தெரியாதா? வாதாட ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போய் வெளுத்துவிடுகிறேன் என்றேன். டீச்சர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், பிரம்பை எடுக்காதீங்க சார், வீட்டுல வாங்கினதை நாளைக்கு அந்தப் பையன்மேல்தான் இறக்குவான் என்றார். பள்ளியில் மட்டும் பிரம்படி இருக்கிறதே என்று கேட்டேன். அது விதிப்படி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் முதல்வரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் கொடுக்கலாம், கோபத்தில் கொடுப்பது இல்லை என்றார். இவன் விஷயத்தில் அது வரை போகவில்லை. இடைவேளையில் விளையாட்டுக்குத் தடை, பள்ளி ஆலோசகரோடு வாராவாரம் பேச்சு. வீட்டில் என் வேலை, அவன் யாரோடு விளையாடினான் என்று கேட்காமல் யாரைச் சேர்த்துக்கொண்டான் என்று கேட்பது. டீச்சர் சொல்லிக்கொடுத்த கேள்விதான், எனக்கு இதெல்லாம் தோன்றாது.

ஒரே ஒரு விஷயம் இன்னும் ஆறவில்லை. இன்னொரு பெற்றோர் என் பையன் படத்தை வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இவன்தான் என்று எழுதினார். அவன் செய்தது தப்பு, சரி. ஆனால் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இந்த மாதிரி விஷயத்தில் பெரியவர்கள் மேலும் பாயும் என்று அவருக்கு யாரோ சொன்ன பிறகுதான் அதை நீக்கினார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு என் பையன் மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தையே விட்டுவிட்டான். அவனை மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுவர ஆலோசகருக்கு ரொம்ப நாள் பிடித்தது.

முன்னாள் தமிழ் ஆசிரியை:

செங்காங் அம்மா சொன்ன ஐந்து நிமிடத்தை நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். தமிழ் வகுப்பு சின்னது. நாலைந்து வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக வருவார்கள், பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து அவர்களுக்குப் பாடம் எடுப்பார். போன வருடம் எப்படிச் சிரித்தாள், இந்த வருடம் எப்படி இருக்கிறாள் என்று வகுப்பாசிரியரைவிட எங்களுக்கு முன்னால் தெரியும். ஆனால் அவளுடைய வகுப்பறையில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அதனால் இருவரையும் சேர்த்து உட்காரவையுங்கள் என்பதுதான் நானும் சொல்வது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ராத்திரி பதினொரு மணிக்கு ஆசிரியரின் சொந்த எண்ணுக்கு நீளமான குரல்பதிவு அனுப்பாதீர்கள். 2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு வெளியிட்ட வழிகாட்டியிலேயே, ஆசிரியர்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுக்கவேண்டிய அவசியமில்லை என்று தெளிவாக இருக்கிறது. பதில் வரவில்லை என்றால் அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை. பள்ளி மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், அப்போதுதான் அது பதிவாகவும் நிற்கும். எழுதும்போது "என் பிள்ளையை எல்லாரும் படுத்துகிறார்கள்" என்று எழுதினால் எங்களால் ஒன்றும் செய்யமுடியாது. எந்த இடம், எந்த நேரம், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எழுதினால் அன்றைக்கே விசாரிக்கலாம். பக்கத்தில் நின்ற பிள்ளை ரொம்ப முக்கியம், முதலில் உண்மையைச் சொல்வது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். விசாரித்த அன்றே இரண்டு பிள்ளைகளையும் நிற்கவைத்து, கைகுலுக்கு, சாரி சொல்லு, சரி போங்க என்று முடிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அடிபட்ட பிள்ளைக்கு அதுவே இரண்டாவது அடி. சேர்ந்து உட்காரவைத்துப் பேசுவது நல்ல முறைதான், ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளை தயார் என்று சொல்லும் வரை காத்திருக்கவேண்டும். உங்கள் பிள்ளைக்கு இஷ்டமில்லை என்றால் இப்போது வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள், எந்த ஆசிரியரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

ஈசூன்காரன்:

எல்லாரும் நல்ல முடிவாக எழுதுகிறீர்கள். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. சந்திப்பு, மின்னஞ்சல், மறுபடி சந்திப்பு. ஒவ்வொரு தவணையிலும் பொறுப்பாசிரியர் மாறினார், ஒவ்வொருவருக்கும் நாங்கள் கதையை முதலிலிருந்து சொன்னோம். கடைசியில் பள்ளியை மாற்றிவிட்டோம், பையன் இப்போது நன்றாக இருக்கிறான், அவ்வளவுதான். பள்ளி மாற்றுவது தோல்வி என்று என் மாமனார் இன்னும் சொல்கிறார். சொல்லட்டும்.

எங்களிடம் சொல்லாததை அவன் டிங்கிள் ஃபிரெண்டில் சொல்லியிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. தெரியாதவர்களுக்கு: அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984இல் தொடங்கிய உதவிச் சேவை, போனிலும் பேசலாம், இணையத்திலும் உரையாடலாம். அப்பா அம்மாவிடம் சொன்னால் பள்ளிக்கு வந்து கத்துவார்கள் என்று பயந்த பிள்ளைக்கு அது ஒரு வாசல். எண்ணைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவையுங்கள், ஏன் என்று விளக்கவேண்டாம்.

தெம்பனிஸ் பேத்தியின் பாட்டி:

மகனும் மருமகளும் ஷிஃப்ட் வேலை. அதனால் பள்ளியில் கூப்பிட்டால் நான்தான் போவேன். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். போன சந்திப்பில் டீச்சர் சொல்வதைப் பேத்தியே எனக்குத் தமிழில் சொன்னாள், நான் சொல்வதை அவளே டீச்சருக்குச் சொன்னாள். எல்லாம் விளையாட்டுக்குத்தான், இப்போ ஒண்ணுமில்லே பாட்டி என்றாள். டீச்சரும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் கிள்ளின தடம். நான் கவலைப்படக்கூடாது என்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்லியிருக்கிறது பிள்ளை. அடுத்த வாரம் மறுபடி வரச்சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?

முன்னாள் தமிழ் ஆசிரியை:

பாட்டி, பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள், அந்த அறைக்குள்ளேயே முதலில் அவள் வரவேண்டாம். நாளைக்கே மகனையோ மருமகளையோ பள்ளி மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: சந்திப்பில் தமிழ் ஆசிரியர் கூட இருக்கவேண்டும், பேத்தியை வெளியே வைத்துப் பேசவேண்டும். முன்கூட்டியே சொன்னால் தமிழ் டீச்சருக்குப் பாடம் இல்லாத நேரமாகப் பார்த்து வைப்பார்கள். கையில் இருந்த தடத்தைப் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் தேதியோடு அதையும் அனுப்பச் சொல்லுங்கள், எந்தக் குழுவிலும் போடவேண்டாம், பள்ளிக்கு மட்டும்.

செங்காங் அம்மா:

பாட்டி, தெம்பனிஸ்தானே? துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள், வியாழக்கிழமை எனக்கு லீவு.